மேல்தாடையும் கீழ்த்தாடையும்

எட்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் பிடுங்கிச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்த பிறகுதான், எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்ற கேள்வி பல் டாக்டருக்கு உதித்தது.

அதுவரை அவர் உற்சாகமாகவே இருந்தார். ஆயுசு முழுக்கப் பிடுங்கிய கை அது. வேலை என்று ஒன்று கிடைத்ததும் அதற்குத் தானாகத் தெம்பு வந்துவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு டிஸ்க்கையும் தூசி தட்டி, பஞ்சால் துடைத்து, ஒன்றிரண்டின் முதுகில் செல்லமாகத் தட்டியும் கொடுத்திருந்தார்.

தரையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பெட்டிக்கு நாலு டிஸ்க். பக்கத்திலேயே சோப்பு டப்பாவுக்கு அண்ணன் போல ஒரு குட்டி சர்வர், அதற்கு ஒரு திரை, ஒரு கீபோர்டு. எல்லாம் அவர் மனைவியின் சாமான்கள். வீடியோ எடுப்பது அவள் தொழில். ஊரார் கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட நாடகம் என்று அவள் எடுத்ததெல்லாம் அந்த எட்டு டிஸ்க்குக்குள் இருந்தது.

அவள் போன பிறகு டாக்டர் கிளினிக்கைப் பூட்டினார். பிறகு ஜன்னலைப் பூட்டினார். பால் பாக்கெட் எடுக்க மட்டும் வாசல் கதவு ஒரு சாண் திறக்கும். அப்படி இருந்தவருக்கு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த யோசனை வந்தது. அவளுடைய முகம் எந்தப் படத்திலும் சரியாக இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளை யார் எடுப்பார்கள்? ஆனால் குரல் இருக்கும். எல்லா வீடியோவிலும் அவள் யாரையாவது அதட்டிக்கொண்டுதான் இருப்பாள். “தலையைத் தூக்குங்க!” “பொண்ணோட அப்பா, ஓரமா போய் அழுங்க, ஃபோகஸ் போகுது!”

அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பெட்டிகளையும் சர்வரையும் இணைக்கும் கேபிள்களை மட்டும் காணவில்லை. அலமாரி, கட்டிலடி, அரிசி டப்பா எல்லாம் தேடியாயிற்று. சரி, கேபிள் வாங்குவதற்குள் சுத்தமாவது செய்து வைப்போம் என்று ஆரம்பித்ததில்தான் இந்தக் கேள்வி வந்து நின்றது.

டாக்டர் கலங்கவில்லை. இரண்டு பெட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல்தாடை, கீழ்த்தாடை. இதில் குழம்ப என்ன இருக்கிறது? தடிமனான டிஸ்க்குகளைக் கடைவாய்ப் பல் மாதிரி இரண்டு ஓரத்திலும், மெலிந்தவற்றை முன்பல் மாதிரி நடுவிலும் செருகினார். தள்ளி நின்று பார்த்தார். வரிசை முத்து முத்தாக இருந்தது.

சட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். வெயிலில் கண் கூசியது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேபிளை எடுத்து நீட்டினார்.

“பெட்டி ரெண்டுப்பா.”

“தெரியும் சார். முதல்ல ஒண்ணு ஒத்துவருதான்னு பாருங்க. வரலைன்னா வாங்க.”

“போன் பண்றேனே?”

“நான் போன் எடுக்கறதில்ல, சார். நேர்ல வந்துடுங்க.”

கேபிள் ஒத்துவந்தது. மேல்தாடை பச்சை விளக்கைக் காட்டிச் சிரித்தது. ஆனால் சர்வரில் இருந்ததே இரண்டு வாய். ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் மேல்தாடை. கீழ்த்தாடைக்கு இடமில்லை. கீபோர்டைப் பிடுங்கினால் எதையும் தட்டிக் கேட்க முடியாது. மறுபடி சட்டையை மாட்டினார்.

“ஹப் ஒண்ணு வேணும் சார். ஒரு வாயை நாலு வாயாக்கும்,” என்றார் கடைக்காரர். “என்கிட்ட இல்ல. உங்க வீட்டு அக்கா வச்சிருந்தது உங்க மச்சினர்கிட்ட இருக்கு.”

டாக்டரின் முகம் சுருங்கியது. “அவன்கிட்டயா? நான் வேற கடையில வாங்கிக்கறேன்.”

“வேற எது போட்டாலும் இந்தப் பெட்டிக்கு ஆகாது, சார்.”

மச்சினர் பஸ் டிரைவர். அவரும் டாக்டரும் பேசி வெகு நாளாயிற்று. டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டார் என்பது மச்சினரின் கட்சி. பிடுங்கியது சரியான பல்தான், வலிதான் இடம் மாறிவிட்டது என்பது டாக்டரின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தவள்தான் இப்போது இல்லை.

பஸ் டிப்போ வாசலில் டாக்டரைப் பார்த்ததும் மச்சினரின் கை தானாகப் போய்த் தாடையைப் பிடித்துக்கொண்டது.

“என்ன அத்தான், மீதியையும் பிடுங்க வந்தீங்களா?”

“வாயை மூடு மாப்ளே. ஹப் இருக்காமே, அதைக் குடு.”

“வாயை மூடித்தான் இத்தனை நாளா இருக்கேன். உங்ககிட்ட திறந்தா என்ன ஆகும்னு தெரியாதா?” என்றவர், டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். “அக்கா குடுத்தா. என்னத்துக்குன்னு சொல்லல. நீங்க இதை மாட்ட வேணாம். நானே வந்து மாட்டறேன். உங்க கையில குடுத்தா பிடுங்கிடுவீங்க.”

மாலையில் மச்சினர் வந்தார், யூனிஃபார்மோடு. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல்களைத் திறந்தார். கேபிள் இன்னும் ஒன்று வேண்டும் என்று டாக்டரைக் கடைக்கு விரட்டி, அவர் திரும்பி வருவதற்குள் சோறும் வடித்து வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பெட்டிகளையும் ஹப்பில் மாட்டினார்கள்.

சர்வர் ஒரு பெட்டியைத்தான் காட்டியது. அதை அணைத்தால் மற்றது தெரிந்தது. இரண்டையும் போட்டால் மறுபடி ஒன்றுதான்.

“ரெட்டைப் பிறவிங்க அத்தான். ரெண்டும் ஒரே பேரைச் சொல்லுது. சர்வர் நம்பமாட்டேங்குது.”

“ஒண்ணுக்கு மீசை வரைஞ்சுடலாமா?”

“அதுக்குக் கண்ணு இருந்தா நான் அப்பவே வரைஞ்சிருப்பேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல உடனே வாயைத் துடைத்துக்கொண்டார்.

மச்சினர் யோசித்தார். பஸ் கிளம்பாவிட்டால் அவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். எல்லா ஒயரையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். மேல்தாடையின் கரன்ட் ஒயர் கீழ்த்தாடைக்குப் போனது. உடனே கீழ்த்தாடையின் விசிறி மேடேறும் லாரி போல உறும ஆரம்பித்தது. மேசை நடுங்கியது. தட்டிலிருந்த ஸ்பூன் தானாக நடந்து போய்க் கீழே குதித்தது.

மாடியிலிருந்து தொம் தொம் என்று இடி விழுந்தது. மாடிவீட்டு டீச்சர் தரையை உதைக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்த நாள் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். “கரன்ட் ஒழுங்கா போகல சார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சுவிட்ச் வேணும். ஒண்ணு எழுந்த பிறகு இன்னொண்ணை எழுப்பணும். சுவிட்ச் வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்...”

“குடு.”

“என்கிட்ட இல்லையே. அக்காவோடது மாடிவீட்டு டீச்சரம்மாகிட்ட இருக்கு.”

டீச்சர் கணக்கு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் திட்டுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை. மாடிப்படியை டாக்டர், தப்புக் கணக்கோடு போகிற பையன் மாதிரி ஏறினார்.

“நேத்து என்ன, வீட்டுக்குள்ள மாவு மில் வச்சிருக்கீங்களா?” என்றார் டீச்சர், கதவைத் திறக்கும்போதே.

“மன்னிச்சுடுங்க டீச்சர். உங்ககிட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்...”

டீச்சரின் முகம் மாறியது. உள்ளே போய்ப் பழைய துண்டில் பொதிந்திருந்ததை எடுத்து வந்தார். “குடுத்துட்டுத் திரும்பிக்கூட பார்க்காம போனா உங்க வீட்டம்மா. எதுக்குன்னு கேட்டா, பத்திரமா இருக்கட்டும்னு ஒரே பதில். இருங்க, நானும் வர்றேன். இத்தனை நாளா கதவைப் பூட்டிகிட்டு உள்ள என்னதான் பண்றீங்கன்னு பார்க்கணும்.”

வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். டிஸ்க்குகளை எப்படி அடுக்கினீர்கள் என்று கேட்டார். கடைவாய், முன்பல் விளக்கத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

“நல்லவேளை நீங்க என் கிளாஸ்ல படிக்கல.”

எட்டையும் மறுபடி உருவச் சொன்னார். ஒவ்வொன்றின் வயிற்றிலும் அச்சடித்திருந்த நீளமான எண்களைப் படித்து, சின்னதிலிருந்து பெரியது வரை ஏறுவரிசையில் அடுக்கினார். அந்த எண்கள் கம்பெனிக்காரன் போட்டவை, அவற்றுக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் டீச்சரிடம் யார் சொல்வது?

அதற்குள் மச்சினரும் வந்து சேர்ந்திருந்தார். மேல்தாடைக்குச் சுவிட்ச் போட்டார்கள். விளக்கு எரிந்தது. பிறகு கீழ்த்தாடை. எரிந்தது. உறுமல் இல்லை. மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள்.

‘எட்டு டிஸ்க்குகள் காணப்படுகின்றன,’ என்றது திரை.

“வந்துடுச்சு!” மச்சினர் டாக்டரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். டாக்டரின் கண்ணாடி பறந்து சோபாவில் விழுந்தது.

‘இவற்றைப் புதிதாகத் தயார் செய்யலாமா?’ என்று கீழே இன்னொரு வரி.

“என்ன கேக்குது?” டாக்டர் கண்ணாடியைத் தேடினார். “இருங்க, இருங்க, எதையும் தொடாதீங்க.”

“தயார் செய்யலாமான்னு மரியாதையா கேக்குது. இதுல என்ன யோசனை?” டீச்சர் ஒரு விரலை நீட்டி ஓங்கி அமுக்கினார்.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவதற்கும் கோடு முடிவதற்கும் சரியாக இருந்தது.

‘எட்டு டிஸ்க்குகளும் இப்போது காலியாக உள்ளன. நன்றி.’

பெட்டிகளின் விசிறிகள் மெல்லச் சுழன்றன.

“நன்றி வேற சொல்லுது பாருங்க அத்தான்,” என்றார் மச்சினர், அழுகிற குரலில்.

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். பல் போன இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, அவர் கை மேல்தாடைப் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது. “அவ்வளவுதான்,” என்றார். “அவ குரலை நானே அழிச்சுட்டேன்.”

“நீங்க எங்க அழிச்சீங்க? நான்தானே அமுக்கினேன்,” என்றார் டீச்சர். அவர் குரல் முதன்முதலாகச் சின்னதாக இருந்தது.

மச்சினர்தான் எழுந்தார். “எந்திரிங்க ரெண்டு பேரும். கடைக்காரன் ஏதாவது வழி வச்சிருப்பான். பஸ் வாசல்ல நிக்குது.”

“பஸ்ஸா?”

“டிப்போவுல விடப் போற வழியில வந்தேன். ஏறுங்க!”

மேல்தாடை டீச்சர் மடியில், கீழ்த்தாடை டாக்டர் மடியில், சர்வர் டிரைவருக்குப் பின்னால் தனி சீட்டில். பஸ் பறந்தது. முதல் நிறுத்தத்தில் நின்றவர்கள் கையைக் காட்டினார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் துரத்தினார்கள். “சீரியஸ் கேஸ்! சீரியஸ் கேஸ்!” என்று டீச்சர் ஜன்னல் வழியாகக் கத்தினார். பெட்டியைக் குழந்தை போல மார்போடு அணைத்திருந்ததைப் பார்த்து, துரத்தியவர்களில் ஒருவர் நின்று தொப்பியைக் கழற்றினார்.

கடைக்காரர் மூன்று பேரையும் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பஸ்ஸைப் பார்த்தார்.

“எல்லாம் போச்சுப்பா,” என்றார் டாக்டர். “ஏதாவது பண்ண முடியுமா? ஒரே ஒரு வரி போதும். யாரையாவது திட்டற மாதிரி ஒரு வரி.”

கடைக்காரர் தன் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி எதையோ தட்டினார்.

ஏதோ கல்யாண மண்டபம். நாற்காலிகள், இரைச்சல், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே, மிகப் பக்கத்தில், அந்தக் குரல்: “டாக்டர்! கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன். உங்க வழுக்கை வெளிச்சம் லென்ஸ்ல அடிக்குது!”

மச்சினர் வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். டீச்சர் பெட்டியை விடாமல் நின்றார். டாக்டர் தன்னை அறியாமல் ஒரு அடி ஓரமாக நகர்ந்து நின்றார்.

“இன்னொரு தடவை போடு,” என்றார். போட்டார். “இன்னொரு தடவை.” போட்டார்.

அப்புறம்தான் டாக்டருக்குச் சட்டென்று கோபம் வந்தது.

“இது உன்கிட்டயே இருந்ததா? எட்டு டிஸ்க்கும்?”

“அப்பவே காப்பி எடுத்து வச்சாச்சு சார். உங்ககிட்ட இருந்தது போனா போகட்டும்.”

“பின்ன ஏன்யா என்னை ஒரு கேபிளுக்கும் ஒரு டப்பாவுக்கும் இப்படித் தெருத் தெருவா அலைய விட்ட?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“நானா விட்டேன்? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி வந்து, கேபிளை என்கிட்ட குடுத்துட்டு, ஹப்பைத் தம்பிகிட்டயும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை டீச்சரம்மாகிட்டயும் குடுத்திருக்கேன்னு சொல்லி, ‘அவர் வந்தா ஒரே தடவையில சரி பண்ணிக் குடுத்துடாதே, அப்புறம் அந்த மனுஷன் கதவைப் பூட்டிகிட்டு உள்ளயே உக்காந்துடுவாரு’ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனது அக்கா, சார்.”