குழி விழாத குற்றம்

மனித நாகரிகத்தின் வரலாறு சாலைகளின் வரலாறு. சாலைகளின் வரலாறோ குழிகளின் வரலாறு. சாலையை ஒருமுறைதான் போட முடியும். குழியை ஆண்டுதோறும் மூடலாம். எத்தனையோ கைகளுக்கு வேலை தரும் இந்தப் பேருண்மையை உணராத ஒருவர் 1982-இல் எருமப்பட்டிப் பக்கம் இளநிலைப் பொறியாளராக இருந்தார். பெயர் பாலசுந்தரம்.

அவருக்கு ஒரு பலவீனம். எது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் சாப்பாட்டை மறந்து விளக்குவார். கேட்காவிட்டாலும் விளக்குவார்.

கருக்கம்பாளையத்துச் சாலையில் இரண்டு பர்லாங் தூரத்துக்கு, தாரில் கற்றாழை நார் கலந்து போட அவர் அனுமதி வாங்கினார். வேலியோரத்துக் கற்றாழை மடல்களைச் சீவி நாரெடுத்து, நன்றாகக் காயவைத்து, பொடிசாக நறுக்கினார்கள். ஈரம் இருந்தால் கொதிக்கும் தார் பொங்கிவிடும். நீளம் கூடினால் நார் சிக்குப் பிடித்து உருண்டையாகிவிடும். இரண்டும் நடக்காமல் பாலசுந்தரம் தார்க் கொப்பரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

"தாருக்குள்ள நாரு எதுக்குங்க சாமி?" என்று கேட்டார் சௌந்திரம். சாலையோரத்தில் சின்னதாகக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்.

"மண் சுவருக்கு வைக்கோல் போட்டு மிதிக்கிறீங்கல்லம்மா? அதே கதைதான். வெயில்ல தார் இளகி ஜல்லியை விட்டு வழியும். நார் அதைப் பிடிச்சு நிறுத்தும். விரிசல் விட்டாலும் ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கும்."

"அப்ப முட்டை ஒடையாதுங்களா?"

"சாலை உடையாதும்மா. முட்டைக்கு நான் பொறுப்பில்லை."

சௌந்திரத்துக்கு முட்டைதான் கவலை. அவர் கணவர் ராசப்பன் முட்டைத் தட்டுகளைச் சைக்கிளில் கட்டி எருமப்பட்டிக்குக் கொண்டுபோவார். அங்கே நிற்கும் கேரளா லாரிக்காரர் விரிசல் கண்ட முட்டையைத் தொடமாட்டார். இனியும் இப்படியே வந்தால் வேறு பண்ணை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் வந்தது. சுற்று வட்டாரச் சாலைகள் எல்லாம் தத்தம் கடமையை உணர்ந்து குழி விழுந்தன. நார்ச்சாலை மட்டும் விழவில்லை. ராசப்பன் அதன்மேல் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே போனார். லாரிக்காரர் முட்டைகளை வெயிலில் தூக்கிப் பார்த்து, "இது உங்க கோழி போட்டதுதானா?" என்று சந்தேகப்பட்டார்.

இத்தகைய ஒழுங்கீனம் மேலிடத்துக்குத் தெரியாமல் போகுமா? சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து 'சாலைத் தன்மை ஆராய்வு உயர்மட்டக் குழு' ஜீப்பில் வந்து இறங்கியது. தலைவர் தீர்த்தகிரி. ஜீப்பைச் சாலைமேலேயே ஒரு புளியமர நிழலில் நிறுத்திவிட்டுச் சாலையை உற்றுப் பார்த்தார்.

"குழி எங்கேய்யா?"

"குழி இல்லீங்க சார்."

"இல்லைன்னா எங்கே போச்சு?"

"விழவே இல்லீங்க சார்."

"அதெப்படி விழாம இருக்கும்?"

எப்படி! பாலசுந்தரம் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. தார், ஜல்லி, நார், வெயில் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் குழு இரண்டு தடவை தேநீர் குடித்தது.

"வாயால சொன்னாப் போதாது. வெட்டிப் பார்க்கணும்," என்றார் தீர்த்தகிரி.

"தாராளமா வெட்டுங்க சார்! உள்ளே நார் எப்படிப் பின்னிக்கிட்டு இருக்குதுன்னு நீங்களே பார்க்கலாம்." வெட்ட வேண்டிய இடத்துக்குப் பாலசுந்தரமே சுண்ணாம்பால் கட்டம் போட்டுக் கொடுத்தார்.

"சாமி, நல்லா இருக்கறதை எதுக்குங்க நோண்டறீங்க?" என்றார் சௌந்திரம்.

"அறிவியல்மா," என்றார் பாலசுந்தரம் பெருமையோடு.

கடப்பாரை இறங்கியது. மாதிரி சாக்கில் ஏறியது. அடுத்த முறை வெயில் படும் இடத்தில் ஒரு மாதிரி, நிழலில் ஒரு மாதிரி. அதற்கடுத்து மாட்டு வண்டித் தடத்தில், பேருந்துச் சக்கரம் படும் இடத்தில், எதுவுமே படாத இடத்தில். ஒரு சாக்கு வழியில் தொலைந்துபோனதால் அதற்கு ஈடாக மூன்று.

"வெட்டின இடத்தையாவது மூடிடலாமா சார்?"

"எதை வெச்சு மூடுவே? சாதாத் தார் போட்டா சோதனை கலப்படம் ஆயிடும். நார் போட்ட தாருக்கு முடிவு வர்ற வரைக்கும் தடை."

நியாயத்தில் ஓட்டையே இல்லை. எல்லா ஓட்டையும் சாலையில்தான் இருந்தது. வெட்டிய இடங்களில் தண்ணீர் தேங்கி, அடியில் மண் கரைந்து, ஓரங்கள் பெயர்ந்தன. ராசப்பன் பாட்டை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு நாள் தட்டோடு குழிக்குள் விழுந்தார். லாரிக்காரர் சொன்ன சொல் தவறாமல் வேறு பண்ணைக்குப் போய்விட்டார்.

கடைசியாகக் குழு முடிவோடு வந்தது. தீர்த்தகிரி வழக்கமான நிழலில் ஜீப்பை விட்டு இறங்கி, ஊரார் முன்னிலையில் கம்பீரமாக அறிவித்தார்: "இந்தச் சாலை முழுக்கக் குழிகள் இருப்பதைக் குழு நேரில் கண்டது. ஆகவே நார் பயனற்றது."

ஜீப் புறப்படத் திரும்பியது. அது நின்றிருந்த இடத்தைப் பார்த்த பாலசுந்தரம் கூவினார். "சார், இங்கே பாருங்க! ஒரு விரிசல்கூட இல்லை!"

அங்கே, கடப்பாரையே படாமல், ஒரு ஜீப் அளவுக்கு, கறுத்துப் பளபளத்தது நார்ச்சாலை.

தீர்த்தகிரி எட்டிப் பார்த்தார். "அது ஆய்வுக்கு உட்படாத பகுதி. கணக்கில் வராது."

காலி முட்டைத் தட்டோடு நின்றிருந்த சௌந்திரம் முன்னால் வந்தார்.

"ஏனுங்க பெரிய சாமி, இன்னொருக்கா ஆராய வாரப்ப நெறைய ஜீப்பு கொண்டாந்து ரோடு முச்சூடும் நிறுத்திப் போடுங்க. மழைக்குத் தப்பிச்ச ரோடு உங்களுக்கும் தப்பிச்சுக்கட்டுமுங்க."