நடமாடும் தடுப்பு

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது மகத்தான சாதனை என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இருக்கலாம். ஆனால் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணை நடக்கவிட்டால் பாதையைச் சரிசெய்யும் செலவே இல்லை என்று கண்டுபிடித்தது, கெலமங்கலத்துக்கு மேற்கே இருந்த ஒரு கருங்கல் குவாரிதான். ஆண்டு 1986.

அந்தப் பெண் மாதம்மாள். பள்ளத்தின் அடியிலிருந்து மேலே எடைமேடை வரை போகும் மண்பாதைக்கு ஒரு ‘சாலைப் பிரிவு’ இருந்தது. அவளும் இன்னும் மூன்று பெண்களும் நாலு இரும்புச் சட்டிகளுமே அந்தப் பிரிவு. குழியில் சரளை கொட்டி இடிப்பார்கள். புழுதிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். லாரி ஏறும்போது மட்டும் மாதம்மாளுக்கு உத்தியோக உயர்வு. பெரிய ஆப்புக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னாலேயே நடக்க வேண்டும். பத்து டன் கல்லோடு வண்டி மூச்சுத்திணறி நின்றால், பின்னால் உருள்வதற்குள் சக்கரத்தடியில் கட்டையைச் செருக வேண்டும். அலுவலகக் கோப்பில் அவளுக்கு ‘நடமாடும் தடுப்பு’ என்று பெயர்.

இந்தப் பதவி அவளுக்கு நான்கு வருஷம் முன்பு கிடைத்தது. அதற்கு முன் கட்டை பிடித்த செல்லியின் இடது பாதம் சக்கரத்தடியில் போயிற்று. முறையான விசாரணை நடந்தது. ‘பாதை தனக்குரிய இடத்தில் இருந்தது; பாதம்தான் தனக்குரிய இடத்தில் இல்லை’ என்று மேனேஜர் ராஜப்பன் எழுதிக் கையெழுத்திட்டார்.

ராஜப்பன் சாமானியர் அல்ல. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சி பெற்றவர். அங்கே பாதைகள் எப்படிப் போடப்படுகின்றன என்பதை நேரில் பார்த்து, ஒரு மஞ்சள் தொப்பியோடு திரும்பியவர்.

வியாழக்கிழமை சுரங்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்ததும் ‘சாலைப் பராமரிப்புக் குழு’ அவசரமாகக் கூடியது. மசால்வடை வந்தது. லாரி டிரைவர் ரசூல் நின்றார். குமாஸ்தா நசருல்லா நோட்டோடு உட்கார்ந்தார். மாதம்மாள் வாசற்படி ஓரம்.

“கோல் மைன்ஸ்ல ரோடுன்னா கண்ணாடி மாதிரி இருக்கும்” என்று தொடங்கினார் ராஜப்பன். “ரூல்படி சரிவு பதினாறுக்கு ஒண்ணு. ஓரடி ஏற பதினாறடி நடக்கணும். நம்மளுது எவ்வளவு?”

“ஆறுக்கு ஒண்ணு சார்” என்றார் நசருல்லா.

“பதினாறுல ஆறு இருக்குதில்ல? பத்துதானே கொறையுது. பெயிண்டர் பாத்துக்குவான். போர்டு எழுதச் சொல்லு.”

ரசூல் தொண்டையைச் செருமினார். “சார், ஆறிலும் சாவு நூறிலும் சாவும்பாங்க. நாங்க தினம் ஆறுலயே ஓட்டிக்கிட்டிருக்கோம். பாதையைக் கொஞ்சம் சுத்தி வளச்சு எடுத்தா ஏத்தம் கொறையும். உங்க ரோஜாத் தோட்டத்து வழியா...”

அறையில் வடை மெல்லும் சத்தம் நின்றது.

“அந்த ரோஜா பெங்களூருக்குப் போவுது ரசூல். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்க.”

மாதம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “போர்டு வச்சா வண்டி நிக்குங்களா சார்?”

“போர்டு வண்டிக்கில்லம்மா. இன்ஸ்பெக்டருக்கு.”

அந்தக் குவாரியில் அந்த வருஷம் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். நசருல்லா அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

வியாழன் வந்தது. பாதையின் வளைவில், ‘சரிவு 1:16. நிதானமே பிரதானம்’ என்ற பலகை பச்சை பெயிண்டில் மின்னியது. இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. கம்பெனியின் புது ஜீப்பை ஏற்றத்தின் அடியில் பாறையோரம் நிறுத்திவிட்டு அவரும் ராஜப்பனும் பலகை வரை நடந்து வந்தார்கள். ராஜப்பனுக்கு மூச்சு இரைத்தது. ஜீப் டிரைவர் டீ குடிக்கப் போனார்.

“லோடு வண்டி ஒண்ணு ஏறட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

கீழே ரசூல் வண்டியைக் கிளப்பினார். மாதம்மாள் வழக்கம்போல் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

“அந்தம்மா எதுக்குக் கட்டையோட வர்றாங்க?”

ராஜப்பன் பலகையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

“அது... பழக்கதோஷம் சார். ஏ மாதம்மா! கட்டையைப் போட்டுட்டு ஓரமாப் போ!”

அவள் கட்டையைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். இந்த நான்கு வருஷத்தில் அவள் பார்த்ததெல்லாம் லாரியின் பின்சக்கரங்களைத்தான். முதல் முறையாக வண்டி ஏறுவதை ஓரத்திலிருந்து முழுசாகப் பார்த்தாள். இவ்வளவு பெரிசா இது என்றிருந்தது.

வளைவுக்கு நாலு கஜம் இருக்கும்போது எஞ்சின் இருமி அடங்கியது. வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது.

மாதம்மாளின் கை தானாகக் கட்டையை நோக்கிப் போயிற்று. கால் இரண்டடி வைத்தது. பிறகு நின்றது. இனி எந்தக் கட்டையும் அந்த வேகத்தைப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

ரசூல் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். வண்டி பாறையை உரசிக்கொண்டே இறங்கி, அடியில் நின்ற ஜீப்பைப் பாறையோடு சேர்த்துச் சப்பாத்தியாக்கிவிட்டு நின்றது. புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நெற்றியில் ரத்தத்தோடு ரசூல் குதித்து, வண்டியின் பின்பக்கம் ஓடினார். குனிந்து சக்கரத்தடியில் பார்த்தார். “அக்கா! மாதம்மக்கா! எங்க இருக்கீங்க?”

“இங்கதான் ரசூலு. ஓரமாத்தான் இருக்கேன்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவளும் பாதையோரம் உட்கார்ந்தாள். மேலே ராஜப்பன் தலையில் கை வைத்து, “ஐயோ, புது ஜீப்!” என்றார்.

இன்ஸ்பெக்டர் பாதையை மூடினார். அதன் பிறகு நிர்வாகம் காட்டிய வேகத்தை வரலாறு மறக்காது. பன்னிரண்டே நாளில் ரோஜாத் தோட்டம் போயிற்று. பாதை சுற்றி வளைந்து, உண்மையாகவே பதினாறுக்கு ஒன்றாக ஏறியது. இருபுறமும் மண்கரை எழுந்தது. லாரி தானாகவே மூச்சிரைக்காமல் மேலே போயிற்று.

பாதை திறந்த அன்று மாதம்மாளுக்கு ஒரு மெமோ வந்தது. மூன்று பக்கம். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் நசருல்லா படித்துக் காட்டினார். சம்பவ தினத்தன்று ‘நடமாடும் தடுப்பு’ பணியிடத்தில் இல்லாததாலேயே கம்பெனிக்குச் சொந்தமான ஜீப் முழுவதும் நாசமானது. இதற்கு ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டியது.

மாதம்மாள் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“எழுதிக்கோங்க பாய். ‘ஐயா, அன்னைக்கு நான் எம்பட எடத்துல இருந்திருந்தா, இந்தக் கடுதாசி எம்புருசன் பேருக்கு வந்திருக்கும். அது மூணு பக்கம் வந்திருக்குமான்னுதான் தெரியலைங்க.’”