கம்பெனியை மூடப் பார்த்த என் பணிவான கடிதம்

பாக்கி கேட்டு வருபவரிடம் அவருடைய பொருளைக் குறை சொல்லக் கூடாது, நம் கஷ்டத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். புடவை முதல் சலவையிலேயே சாயம் போயிருந்தாலும் துணிக்கடைக்காரரிடம், "இந்த மாசம் கொஞ்சம் டைட்டுங்க" என்றுதான் சொல்வோம். (சாயத்தைப் பற்றிச் சொன்னால் பாவம், அவர் முகம் வாடிவிடுமாம்.) இந்த நல்ல பழக்கத்தால் ஒரு கம்பெனியையே ஏறக்குறைய இழுத்து மூடினேன்.

கம்பெனி என் அக்கா கணவருடையது. கடலூர் முதுநகரில், படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை. பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதால், சிதம்பரத்தில் பி.காம். முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த என்னை மாமா இரண்டாவது டைரக்டர் ஆக்கினார். விசிட்டிங் கார்டு அடித்துக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கொடுத்தேன்.

2008-இல் வெளியூர் கம்பெனி ஒன்றிடம் புது கம்ப்ரஸர் வாங்கினோம். முதல் நாளிலிருந்தே மக்கர். ஐஸ் பார் வெளியே கல் மாதிரி இருக்கும், உடைத்தால் நடுவில் தண்ணீர். எங்கள் ஐஸை நம்பிக் கடலுக்குப் போன படகுகள் கெட்ட மீனோடு திரும்பின. மாமா போனில் கத்திப் பார்த்தார். அவர்களுடைய மெக்கானிக் இரண்டு முறை வந்து எதையோ முடுக்கிவிட்டுப் போனார். ஒன்றும் சரியாகாததால் மாமா மீதி ஐந்து லட்சத்தை நிறுத்தி வைத்தார்.

பிறகு ரிஜிஸ்டர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இருபத்தொரு நாளுக்குள் பணம் வராவிட்டால், கடனைக் கட்ட முடியாத கம்பெனி என்று கருதி, அதை மூடச் சொல்லி ஐகோர்ட்டில் மனு போடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

"வக்கீலப் பாத்துடலாமா மச்சான்?" என்றார் மாமா.

"எதுக்கு மாமா தண்டச் செலவு? ஒரே லெட்டர்ல முடிச்சிடுறேன்."

மூன்று நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினேன். தொழில் மிகவும் நலிந்துவிட்டது, சம்பளம் கொடுக்கவே வழியில்லை, தங்களுக்குத் தர வேண்டியதை நாங்கள் மறக்கவில்லை, கருணை கூர்ந்து ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும். கம்ப்ரஸரைப் பற்றி ஒரே வரி: தங்கள் இயந்திரம் எங்கள் ஆலைக்கே அழகு. (சம்பளம் ஒரு மாதம்கூட நின்றதில்லை. அதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்கு.) கடிதத்தைத் திருவந்திபுரம் கோயிலுக்கு எடுத்துப் போய், பெருமாள் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்து வந்தது ஐகோர்ட் சம்மன்.

மாமாவுக்குத் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவர் சிதம்பரம் கீழ வீதியில் இருந்தார். என் கடிதத்தின் நகலை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத எழுதினது யாரு?"

"நான்தாங்க" என்றேன், பாராட்டப் போகிறார் என்று.

"அவுங்க வக்கீல்கூட அவுங்களுக்காக இவ்ளோ நல்லா எழுதியிருக்க மாட்டாரு. இங்க பாருங்க தம்பி. பொருள் சரியில்ல, அதனால தரமாட்டேன்னு நியாயமான தகராறு இருந்தா, இந்த மனுவுல கம்பெனிய மூட முடியாது. தர முடியலன்னாத்தான் மூடலாம். ஒங்ககிட்ட நல்ல தகராறு இருந்துச்சு. நீங்க முடியலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க."

மாமா பஸ்ஸில் கடலூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆலைக்குள் நுழைந்ததும் ஐஸ் தூக்கும் செல்வராசு, "சார், மூடிடுவாங்கன்னு பேசிக்கிறாங்களே, நாங்க வேற எடம் பாக்கணுமா?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

வக்கீல் அம்மா மெக்கானிக் வந்துபோன சீட்டுகளையும், மீன் கெட்டுப்போன படகுக்காரர்கள் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துப் பதில் தாக்கல் செய்தார். சென்னையில் விசாரணையன்று நீதிபதி என் கடிதத்தை நிதானமாக வாசித்தார். 'ஆலைக்கே அழகு' வந்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் தலைகுனிந்து சிரித்தார். நீதிபதி என்னை எழுந்திருக்கச் சொல்லி, தமிழில் கேட்டார்:

"மெஷின் சரியில்லன்னா ஏன் எழுதல?"

"எழுதினா அவுங்க மனசு கஷ்டப்படுமேன்னுதாங்க ஐயா..."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. தகராறு இருப்பது தெரிகிறது, ஆனால் கடிதத்தையும் ஒதுக்க முடியாது என்றார். பாதிப் பணத்தை நான்கு வாரத்துக்குள் கோர்ட்டில் கட்டினால் மனு தள்ளுபடி, மீதியைச் சிவில் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம். கட்டாவிட்டால் கம்பெனியை மூடும் நடவடிக்கை தொடங்கும்.

இரண்டரை லட்சத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே வழி அக்காவின் நகை. தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு, செயினையும் வளையலையும் கழற்றித் துண்டில் முடிந்து கொடுத்தாள். கண்ணாடி முன் நின்று கேட்டாள்:

"கழுத்து வெறிச்சுன்னு தெரியுதாடா?"

'அதெல்லாம் ஒண்ணும் தெரியலக்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"தெரியுதுக்கா. ரொம்பத் தெரியுது."

அக்கா கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். "இந்த வாய் அன்னிக்கு எங்கடா போச்சு?"

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே பணத்தைக் கட்டிவிட்டோம். ஆலை பிழைத்தது, பன்னிரண்டு பேருக்கும் வேலை போகவில்லை. மூன்று வருடம் கழித்து அந்த கம்ப்ரஸர் கம்பெனியே சமரசத்துக்கு வந்து, கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பியது. நகை திரும்பவில்லை, விற்றாயிற்று.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் எனக்கு மரியாதை காட்டத் தடை. சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் என்ன குறை என்று நான் முதலில் சொல்ல வேண்டும். "உப்பு ஜாஸ்திக்கா" என்றால் மாமா, "எழுதிக் குடுத்துடு மச்சான், நாளைக்குக் கேஸ் நிக்கணும்ல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

'நல்லா இருக்குக்கா' என்று சொன்னால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அக்கா கரண்டியை எடுத்து, உடனே தானே ஒரு வாய் ருசி பார்க்கிறாள்.