பாய்லர் அண்ணாச்சியும் ஒற்றைக்கால் வெந்நீரும்

உலகத்தில் உள்ள சூடு அத்தனையும் தன் சொந்தச் சொத்து, அதை யாரோ திருடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பாய்லர் அண்ணாச்சிதான். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் முப்பது வருடம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். காபி டம்ளரைக்கூட ஒவ்வொரு வாய்க்கும் திறந்து, மூடித்தான் குடிப்பார். அவர் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் டீச்சர் நான்.

அவர் மனைவி செண்பகம் மதினிக்கு மூட்டுவலி. வெந்நீரில் உட்கார்ந்தால் நல்லது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்ல, பெங்களூரில் இருக்கும் மகள் காற்றடித்து நிறுத்துகிற ஹாட் டப் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். தார் உருகுகிற ஊரில் வெந்நீர்த் தொட்டி. நாலு பேர் உட்காரலாம். மொட்டைமாடியில், என் அறை வாசலில் வைத்தார்கள். மதினி பத்து நாள் கழுத்தளவு மூழ்கி எழுந்தார். பதினோராம் நாள் சுவரைப் பிடிக்காமல் படியேறினார். அப்புறம் கரண்ட் பில் வந்தது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. தொட்டியைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார்.

"டீச்சர், இதுல பக்கவாட்டுல போகுது, அடியில போகுது, மேல போகுது. எம்புட்டு கரண்ட்ட ஊத்தி நாம காத்தச் சுட வச்சுக்கிட்டு இருக்கோம், பாருங்க."

மறுநாள் இரண்டு மூட்டை கழிவுப் பஞ்சு வந்து இறங்கியது. அடியில் தெர்மாகோல், சுற்றிலும் பஞ்சு, அதன்மேல் எங்கள் பக்கத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியைச் சுற்று சுற்றாகச் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் போர்த்தினார். மாடிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எத்தன எடத்துல முறிஞ்சிருக்கு?" என்று கேட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கறுப்புக் குழாயைத் தளத்தில் வளையம் வளையமாகப் பரப்பி, அதில் வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தொட்டிக்கு விட்டார். ஹீட்டருக்குப் பாதி வேலை போயிற்று. அடுத்த பில் பாதியானது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர்.

"மூடியத் தொறக்கதாலதான் சூடு போகுது" என்று கண்டுபிடித்தார். தெர்மாகோலில் தடித்த மூடி செய்து, அதில் இரண்டு ஓட்டை போட்டார். தொட்டியின் குறுக்கே போட்ட பலகையில் மதினி உட்கார்ந்து, ஓட்டைகள் வழியாகக் காலைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டியது. ஒரு வாரம் கழித்து ஒரு ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைத்தும்விட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு காலு போதும்ட்டி. இன்னைக்கு எடது, நாளைக்கு வலது."

மதினி கோபப்படவேயில்லை. "சரிங்க. வலது காலு இன்னைக்குச் சும்மாதான இருக்கு, அது எங்க அக்கா வீட்டுக்குப் போகுது. எடது காலும் தொணைக்குப் போகட்டும்" என்று பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

முதல் இரண்டு நாள் அண்ணாச்சிக்குத் திருவிழாதான். மூடி திறக்கப்படவே இல்லை. மீட்டரின் சிவப்பு விளக்கு எப்போதாவது ஒருமுறை மின்னியது. மூன்றாம் நாள் அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் காலை, பஸ்ஸுக்கு ஓடிய என்னை நிறுத்தினார்.

"டீச்சர், மடவார் வளாகம் பக்கம் போவீகளா?"

"என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"ரெண்டு காலும் வைக்கலாம்னு சொல்லுங்க."

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். "காலு மட்டும் தனியா வாராதுன்னு அவியட்ட சொல்லிருங்க" என்றார் மதினி. மறுநாள் அண்ணாச்சி, "இடுப்பு வரைக்கும் உக்காரலாம்னு சொல்லுங்க" என்று இறங்கி வந்தார். அந்த இடுப்பையும் நான் பஸ்ஸில் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்தேன்.

"அவளுக்கு வலி எப்டி இருக்கு?" என்று அப்போதுதான் கேட்டார்.

"மறுபடியும் சுவரப் பிடிச்சுத்தான் நடக்காவ."

அண்ணாச்சி உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள்.

வந்ததும் மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். ஹீட்டரைக் கூட்டி வைத்தார். மதினி கழுத்து வரை இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். மலைப் பக்கமிருந்து காற்று வந்து ஆவியை எல்லாம் அடுத்த தெருவுக்கு அள்ளிக்கொண்டு போயிற்று.

"சூடு போகுதே அண்ணாச்சி" என்று சீண்டினேன்.

"போகட்டும் டீச்சர். அவளுக்குக் குளுரக் கூடாது."

ஒரு போர்வையை விரித்து, காற்று வரும் பக்கமாக இரண்டு கைகளையும் நீட்டி நின்றுகொண்டார். "கை வலிக்கும், உள்ள போங்க" என்றார் மதினி. அவர் அசையவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு கை மெல்லத் தாழ்ந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு பிரியம் வந்தது. போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டேன்.