கிளிசரின் போன வழி

காலையில் பம்ப் ரூமுக்குள் நுழைந்ததும் ஆம்ப்ரோஸ் முதலில் பார்த்தது கிளிசரின் டாங்கின் லெவல் கண்ணாடியைத்தான். நேற்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் தன் கையாலேயே கழுத்து வரை நிரப்பிவிட்டுப் போயிருந்தார். இப்போது அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது.

குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே போகிறது. உள்ளே என்றால் சோப்புக்குள்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி, கை கழுவும் சோப்புத் திரவம் தயாரித்தது. அது 1999. பக்கத்து எலெக்ட்ரானிக் சிட்டியில் புதிது புதிதாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மாடிக்கு மாடி வாஷ்பேசின். வியாபாரம் மோசமில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்து லிங்கராஜபுரத்தில் குடியேறிய ஆம்ப்ரோஸ் அங்கே மெயின்டனன்ஸ் இன்சார்ஜ்.

பம்ப் தள்ளுவது சூடான, கெட்டியான சோப்புக் குழம்பு. சுழலும் தண்டைச் சுற்றி அது வெளியே வராமலிருக்க, முன்பெல்லாம் கயிறு போல முறுக்கிய பேக்கிங்கைத் திணித்து வைத்திருந்தார்கள். அது எந்நேரமும் ஒழுகும். பம்ப் ரூமில் வழுக்கி விழாதவர்கள் கம்பெனியில் கிடையாது. முதலாளி ரங்கநாதனே ஒரு தடவை பேங்க் மேனேஜருக்குச் சுற்றிக் காட்டும்போது, கையை நீட்டி விளக்கிக்கொண்டே போய், நீட்டிய கை நீட்டியபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் ஆம்ப்ரோஸின் யோசனை எடுபட்டது. ஒன்றுக்கு இரண்டாக மெக்கானிக்கல் சீல், அதாவது தண்டைச் சுற்றி ஒன்றோடொன்று இறுக்கமாக உரசி அடைக்கும் வளையங்கள். இரண்டுக்கும் நடுவில் கிளிசரினும் தண்ணீரும் கலந்த சுத்தமான திரவம். தனி டாங்கிலிருந்து வரும் அதை நைட்ரஜன் சிலிண்டரால் அழுத்தி, பம்புக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட எப்போதும் ஒரு படி மேலே வைத்திருக்க வேண்டும். சீல் கொஞ்சம் கசிந்தாலும் கிளிசரின் உள்ளே போகுமே தவிர, சோப்பு வெளியே வராது.

விலையைக் கேட்டதும் ரங்கநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பம்பைவிட பம்புக்குப் பிடிக்கிற குடைக்கு விலை ஜாஸ்தியா இருக்கே ஆம்ப்ரோஸ்."

"இனிமே தரையில ஒரு சொட்டு இருக்காது சார். நான் கியாரண்டி."

சொன்னபடியே தரையில் ஒரு சொட்டும் இல்லை. டாங்க்தான் குறைந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் எப்போதாவது ஒரு டம்ளர் ஊற்றினால் போதும். அது சகஜம். பிறகு ஒரு மக். மழைக்காலம் முடிவதற்குள் நாளுக்கு ஒரு வாளி என்றாகிவிட்டது. முதலாளியிடம் சொன்னால் குடையைக் கடாசிவிட்டு மறுபடி கயிற்றைத் திணிக்கச் சொல்வார். மறுபடி எல்லாரும் விழுவார்கள். அதனால் ஆம்ப்ரோஸ் யாருக்கும் சொல்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சீல் கம்பெனிக்கு போன் போட்டுப் பார்த்தார். அவசரத்தில் இருந்த என்ஜினியர், பிரஷர் எப்போதும் மேலே இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆம்ப்ரோஸ் பிரஷரை ஏற்ற நைட்ரஜன் ரெகுலேட்டரை இன்னும் ஒரு சுற்று திருகினார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே டாங்க் காலி.

ஸ்டோரில் இத்தனை கிளிசரின் கேட்டால் கேள்வி வரும். ஆகவே பஸ் மாறும் சிவாஜிநகரில் ஒரு கெமிக்கல் கடையைப் பிடித்து, சொந்தக் காசில் கேன் கேனாக வாங்கிவர ஆரம்பித்தார். அப்படி வரும்போதுதான் ஒருநாள் காலை கம்பெனி கேட்டில் ஸ்டோர்கீப்பர் ஞானம்மாளிடம் மாட்டிக்கொண்டார். கேனில் ஒட்டியிருந்த லேபிளை அவள் படித்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று ஏதோ சொன்னார்.

"வீட்டுக்கா? வீட்டுல கிளிசரின் எதுக்குண்ணா?" என்றவள், அவர் வாய் திறப்பதற்குள் தானே பதிலையும் கண்டுபிடித்தாள். "கேக்கா? ஐசிங் காயாம இருக்க ஊத்துவாங்களே. கிறிஸ்துமஸுக்கு டோரீன் அக்கா கேக் போடறாங்களா? சொல்லவே இல்ல பாருங்க."

ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டினார். ஆட்டியது தப்பாகிவிட்டது. மதியத்துக்குள் பேக்கிங் செக்‌ஷன், அக்கவுன்ட்ஸ், செக்யூரிட்டி என்று எல்லா இடத்திலிருந்தும் கேக்குக்கு ஆர்டர் வந்தது.

வீட்டில் டோரீன் அவரை நிதானமாகப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் பேக்கரியில் கேக் வாங்குகிற வீடு அது.

"எனக்குச் சப்பாத்தியே வட்டமா வராது. நீங்க கேக் ஆர்டர் எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"பம்புக்காகத்தான் டோரீன்."

"பம்பு கேக் சாப்பிடுதா?"

முழுக் கதையையும் சொன்ன பிறகு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, வழியையும் அவளே சொன்னாள். சிவாஜிநகர் பேக்கரியில் கேக் வாங்கி, டப்பாவை மாற்றி, தன் கையால் ரிப்பன் கட்டித் தருவதாக. அதன் பிறகு ஆம்ப்ரோஸ் ஒரு கையில் கிளிசரின் கேனும் மறு கையில் கேக் டப்பாக்களுமாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். கேக்கைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் டோரீனின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். ஞானம்மாள் செய்முறை கேட்டு அனுப்பினாள். டோரீன், அது எழுத்தில் வராது என்று பதில் அனுப்பினாள்.

இப்படியே போனால் தாங்காது என்று ஆம்ப்ரோஸுக்குப் பட்டது. ஒரு மாலை நைட்ரஜன் பிரஷரை நன்றாகக் குறைத்து வைத்தார். டாங்கின் லெவல் அப்படியே நின்றது. நெடுநாளைக்குப் பிறகு அன்று விசிலடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் லெவல் ஏறியிருந்தது. யாரும் ஊற்றாத டாங்க் தானாக நிரம்பியிருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உறைத்தது. பம்புக்குள் அழுத்தம் அதிகம், டாங்கில் குறைவு. இப்போது சோப்பு இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

அவசர அவசரமாகப் பம்பை நிறுத்தி, காற்றை இறக்கிவிட்டு, டாங்கின் மூடியைத் திருகினார். குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி அது பொங்கியது. வெள்ளை நுரை டாங்கை மூடி, பம்பை மூடி, தரையெல்லாம் பரவி, வாசலைத் தேடிப் போனது.

வாசலில் ரங்கநாதன் நின்றிருந்தார். அவர் உள்ளே ஒரு கால் வைத்ததை ஆம்ப்ரோஸ் பார்த்தார். பிடிக்க ஓடினார். பிடித்தும்விட்டார். பிடித்தபடியே இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

நுரை மார்பு வரை இருந்தது.

"கஸ்டமருக்கெல்லாம் குடுக்கலாம்னு கேக் ஆர்டர் சொல்ல வந்தேன்," என்றார் ரங்கநாதன்.

"சார், அது பேக்கரி கேக்."

அதில் ஆரம்பித்து, உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் ஆம்ப்ரோஸ். வேலை போய்விட்டது என்றே நினைத்தார். ஆனால் ரங்கநாதனின் யோசனை வேறு எங்கோ இருந்தது.

"அப்போ இத்தனை மாசமா நம்ம சோப்புல கிளிசரின் கலந்து போயிருக்கு."

"ஆமா சார்."

"கலப்படம்னு சொல்லுவாங்களேய்யா." அவர் கண்ணாடியில் இருந்த நுரையைத் துடைத்தார். "வெளியில மூச்சு விடாதீங்க. முதல்ல அந்த சீலை மாத்துங்க."

சீல் கம்பெனி என்ஜினியர் இந்த முறை நேரில் வந்தார். கழற்றிப் பார்த்தால் உள் சீலின் வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். புதியதைப் போட்டு, பிரஷரைச் சரியாக வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து லெவல் அசையவில்லை. தரையும் காய்ந்திருந்தது. ஆம்ப்ரோஸ் தினமும் டீ கிளாஸோடு டாங்குக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அசையாத அந்தக் கோட்டைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். டோரீன் மணிக்கட்டு வலி என்று சொல்லி கேக் தொழிலை நிறுத்திக்கொண்டாள். கிறிஸ்துமஸ் நிம்மதியாகப் போனது. எலெக்ட்ரானிக் சிட்டியில், வருஷம் மாறும்போது குழம்பி நின்றுவிடும் என்று எல்லாரும் பயந்த கம்ப்யூட்டர்களெல்லாம் ஒரு சேதமும் இல்லாமல் இரண்டாயிரத்துக்குள் நுழைந்தன.

ஜனவரி கடைசியில் ரங்கநாதன் அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே பிரிஜெட் உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் பல கம்பெனிகளின் ஹவுஸ்கீப்பிங் அவர் பொறுப்பில். கம்பெனியின் பாதிச் சரக்கு அவருக்குத்தான் போகிறது. மேஜை மேல் இரண்டு சோப்புக் கேன்கள், ஒன்று பழையது, ஒன்று புதியது. ரங்கநாதன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நேராவே கேக்கறேன்," என்றார் பிரிஜெட். "உங்க சோப்புல கலப்படம் இருக்கு. தினம் கை கழுவறவங்களுக்குத் தெரியாம போகுமா?"

ரங்கநாதன் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் ஓரடி முன்னால் வந்தார்.

"சாருக்கு இதுல சம்பந்தமில்ல மேடம். பம்பு சீல்ல ஒரு கோளாறு, தப்பு என்னுது. டிசம்பர்லயே சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் வந்த சரக்குல ஒரு சொட்டு கலப்பு கிடையாது."

பிரிஜெட் புதிய கேனை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

"அதுக்கப்புறம் வந்ததுலதான் சார் கலப்படம், எல்லாருக்கும் கை வறண்டு போகுது. முன்னாடி குடுத்தீங்களே சுத்தமான சோப்பு, அதையே அனுப்புங்க."