நாவலில் நூற்று அறுபத்தெட்டுப் பேர்

முதல் நாவல் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. சூலூர் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். மடியில் ஒரு பை இருக்கும். "ஏனுங்க, கதையெல்லாம் படிப்பீங்களா?" என்பார். நீங்கள் வாய் திறப்பதற்குள் கதாநாயகி பிறந்து, வளர்ந்து, சிங்காநல்லூர் வருவதற்குள் கல்யாணமும் ஆகியிருக்கும். பத்துப் பேரிடம் யோசனை கேட்பார். பதினோராவதாகத் தன் யோசனையைத்தான் கேட்பார். புத்தகம் அச்சாகும் முன்பே விழாவுக்கு மண்டபம் பிடித்துவிடுவார்.

வள்ளியாத்தாள் இந்த இனத்தில் முதல் தரம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன? வாய் இருந்தது, மருமகள் மோகனப்பிரியாவுக்குக் கை இருந்தது. மூன்று வருஷம், மூன்று நோட்டு.

"அம்மணி, இப்பச் சொன்னதைப் படி பாக்கலாம்."

மோகனப்பிரியா படிப்பாள்.

"'அழுதாள்'னா சொன்னேன்? 'மூக்கைச் சிந்தினாள்'னு சொன்னேன். மாத்து."

நோட்டுகள் கோட்டைமேட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஷேக் பரீத்தின் அச்சகத்துக்குப் போயின. விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது வள்ளியாத்தாள் அங்கே போய் ஒரு பட்டியலை நீட்டினாள். பெரிய மாமன் முதல் சின்ன நாத்தனார் பேத்தி வரை, புத்தகத்தின் முகப்பில் போட வேண்டிய பெயர்கள்.

"நூத்தி அறுபத்தெட்டுப் பேருங்கம்மா! நாவலுக்கு எதுக்குங்க இத்தனை பேரு?"

"பேரு போடாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊடு ஊடாப் போய்க் குடுக்கறதுங்க பாயி?"

ஷேக் பரீத் பெருமூச்சு விட்டார். "விழாவுக்குள்ள மெஷின் இன்னும் பதினாறு பக்கந்தான் ஓடுமுங்க. ஒண்ணு இந்தப் பேரு, இல்லாட்டி உங்க கடைசி அத்தியாயம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கடைசி அத்தியாயம்! புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு கிளம்பிய ருக்குமணி ஈரோடு ஜங்ஷனில் நிற்கிறாள், ரயில் வருகிறது. அவள் ஏறினாளா, திரும்பினாளா? அதைச் சொல்லத்தானே மூன்று வருஷம்! சொல்லும்போது வள்ளியாத்தாளே இரண்டு முறை மூக்கைச் சிந்தியிருக்கிறாள்.

ஒரு டீ ஆறுகிற நேரம் யோசித்தாள்.

"பேரைப் போடுங்க."

"அப்ப ருக்குமணி?"

"அவ நம்ம சொல்லு கேக்கறவ. நில்லுன்னா நிப்பா. எம்பட நாத்தனா நிப்பாளா?"

விழா அமர்க்களமாக நடந்தது. எல்லோரும் விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள், தங்கள் பெயரைக் கண்டுபிடித்தார்கள், மூடினார்கள். நாவல் வாசிக்கப்பட்டாயிற்று!

வள்ளியாத்தாள் ஒரு வாரம் வாசலைப் பார்த்தே கிடந்தாள். ருக்குமணி என்ன ஆனாள் என்று ஒருத்தராவது கேட்டு வர மாட்டார்களா? எட்டாம் நாள் மதுக்கரையிலிருந்து கொழுந்தன் மாரப்பன் புத்தகமும் கையுமாக வந்தான்.

"அண்ணி, புஸ்தகத்துல ஒரு சந்தேகமுங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கேளுங்க, கேளுங்க!"

"ராசப்பன் பேரு எம்பட பேருக்கு மேல எப்படிங்க போச்சு? நான் அவனுக்கு மூத்தவனுங்க!"

"அது கெடக்கட்டும். கடைசிப் பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. அதுல பேரே இல்லீங்களே!"

அவன் போன பிறகு வள்ளியாத்தாள் மருமகளைக் கூப்பிட்டாள். "அம்மணி, நாவல்னு நெனச்சுக்கிட்டுக் கல்யாணப் பத்திரிகையத்தான் அடிச்சுப்போட்டேன்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து மூக்கைச் சிந்தினாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில், யாருக்கும் காட்டாத நோட்டு ஒன்று கிடக்கிறதே, அதன் முதல் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது கதையா, நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலா?