கறுப்பிக்கு இடம் பிடித்தவர்

பஸ்ஸில் மனிதர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். கோழிக்கு இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர் ஒருவர்தான். உத்திரமேரூரில் எல்லோரும் அவரை 'ஹோல்டான்' என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவர் மனைவி அஞ்சலைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்து அம்மாள்கள் புருஷன் பெயரைச் சொல்வார்களா என்ன!

காஞ்சிபுரத்துக்கு ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவருக்கு வேலை. நிறுத்த 'ஹோல்டான்', கிளம்ப 'ரைட்'. வீட்டில் சோறு போதும் என்பதற்கும் 'ஹோல்டான்'தான். டிக்கெட் எடுத்தவரை நடுவழியில் இறக்கிவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்த ஓர் ஆசாமியை இறக்கிவிடும்படி பஸ்ஸே சேர்ந்து கத்தியது. "காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் வாங்கிகீறாரு. காஞ்சிபுரம் வரைக்கும் பாடுவாரு" என்று முடித்துவிட்டார். ஆசாமியும் பாடினார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் அந்த ஊரில் அரசாங்க குமாஸ்தா. அவர் வீட்டு ஓர் அறையில் குடக்கூலி. சீமைக் கோழிகளை ஊராருக்குக் கொடுக்கும் ஒரு திட்டம் எங்கள் ஆபீஸில் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த ஆள் என்று, நாலு வெள்ளைக் கோழிகளை ஹோல்டான் தலையில் கட்டினேன். அதுவரை கொல்லையை ஆண்டு வந்தது கறுப்பி என்ற ஒற்றை நாட்டுக்கோழி.

பக்கத்து வீட்டுச் சேவலின் தயவில் கறுப்பி கொல்லையில் ஒரு பெட்டிக்குள் பதினோரு முட்டைகளின் மேல் அடைக்கு உட்கார்ந்தது. பிடித்தது சனி. அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவைதான் தீனிக்கு எழுந்து வரும். சிறகை உப்பிக்கொண்டு கொர் கொர் என்று அது வந்ததுமே நாலு வெள்ளைகளும் சூழ்ந்துகொண்டு கொண்டையில் கொத்தும். அந்த நேரம் பார்த்து ஒன்று ஓடிப்போய்க் கறுப்பியின் பெட்டியில் உட்கார்ந்து கொள்ளும். இதற்கெல்லாம் தலைவியாக இருந்த கோழிக்கு ஹோல்டான் வைத்த பெயர் 'செக்கிங்'.

"எங்க ஏறும்னு தெரியாது சார். ஏறுனா கொத்தாம எறங்காது" என்றார். டிக்கெட் பரிசோதகர்களிடம் நிறையப் பட்டவர்.

பதினான்காம் நாள், திங்கட்கிழமை. கறுப்பியின் கொண்டையில் ரத்தம். அஞ்சலை கையில் அரிவாள்மணை.

"இன்னாயா இது பேஜாரு! ஞாயித்துக்கெயம தென்னேரிலேர்ந்து எங்கண்ணன் வராரு. இது ரத்தம் சொட்டிக்கினு சாவறதுக்குள்ள கொயம்பு வெச்சிட்லாம்."

"ஹோல்டான்! அது இருவத்தோரு நாளைக்கு டிக்கெட் எடுத்துக்கினு குந்திகீது. நடுவய்ல எறக்குவனா நானு?"

"உன் டிக்கெட்ட நீயே வெச்சிக்க. ஞாயித்துக்கெயமைக்குள்ள அடிதடி நிக்கலன்னா, சட்டிதான்."

ஞாயிறு வந்தால் இருபதாம் நாள். குஞ்சு பொரிக்க இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கி இருக்கும். ஹோல்டான் முகம் தொங்கிப்போயிற்று. கோழிகளைக் கொண்டுவந்த பாவி நான், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வைத்தியம் விசில். வெள்ளைகள் கொத்த வரும்போதெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊதினார். ஆனால் தினமும் விசில் ஊதித்தான் தீனி போடுகிறவர் அவர். பக்கத்து வீட்டுக் கோழிகளும் சேர்ந்து ஓடிவந்தன.

இரண்டாவது வைத்தியத்தில் விஷயம் இருந்தது. செக்கிங்கைப் பிடித்து, மற்றவை பார்க்க முடியாதபடி வாசல் பக்கம் ஒரு கூடையில் நாலு நாள் கவிழ்த்து வைத்தார். திரும்பக் கொண்டுவந்து விட்டதும் மற்ற மூன்றும் அதை யாரோ வெளியூர்க்காரி என்று நினைத்துக் கொத்தித் துரத்தின. செக்கிங் மூலையில் போய் நின்றது.

"டிரான்ஸ்பர்ல போய்ட்டு வந்தா பழைய பவுசு கீதா சார்?" என்றார். அரசாங்க ஊழியன் என்பதால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

கொத்து நின்றது. இடப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. கறுப்பி எழுந்தால் போதும், ஒரு வெள்ளை போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடும். சனிக்கிழமை காலை கறுப்பி தீனிக்கு எழுந்ததும் ஹோல்டான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்தார். முண்டியடிக்கிற பஸ்ஸில் ஜன்னல் வழியே போடுவோமே, அதே மாதிரி பெட்டிக்குள் போட்டார்.

வெள்ளைகள் வந்தன, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன, திரும்பிப் போயின.

"நம்ம ஜனங்க மாதிரிதான் சார். துண்டப் பாத்தா குந்தாது."

எனக்கு வேறு கருத்து உண்டு. ஒரு வாரத்து வியர்வையும் டீசலும் ஊறிய அந்தத் துண்டு கிடக்கும் இடத்தில் நான்கூட உட்கார மாட்டேன்.

ஞாயிறன்று அஞ்சலையின் அண்ணன் வந்தார். கறுப்பி தீனிக்கு எழுந்திருந்த நேரம். கைகழுவக் கொல்லைக்குப் போனவர், பெட்டியில் கிடந்த துண்டை எடுத்துக் கை துடைக்கக் குனிந்தார். நானும் ஹோல்டானும் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு குரல் பறந்து வந்தது.

"அண்ணே, தொடாத! அங்க ஆளு வருது!"

சொன்னது சாட்சாத் அஞ்சலை. சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணனுக்கு அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.

மறுநாள் பதினொன்றில் ஒன்பது பொரித்தன. தாயின் பின்னால் ஒவ்வொன்றாகப் பெட்டியை விட்டு வந்தபோது ஹோல்டான் மெதுவாக, மிக மெதுவாக விசில் ஊதினார். "பாத்து எறங்கு, பாத்து எறங்கு" என்றார்.

அடுத்த வருஷம் எனக்கே டிரான்ஸ்பர் வந்தது. படுக்கையும் பெட்டியுமாக நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஜன்னலோரம் ஓர் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் அந்தத் துண்டு. உட்காரப் போன ஒருவரிடம் ஹோல்டான் பின்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார்: "ஹோல்டான்! ஆளு வருதுய்யா அங்க!"

துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே வியர்வை, அதே டீசல். வழியில் ஒருமுறை, "குடு சார், நாத்தமடிக்கும்" என்று கை நீட்டினார்.

"இருக்கட்டும், காஞ்சிபுரம் வரைக்கும்" என்றேன்.

காஞ்சிபுரம் வந்தது. கொடுக்க மனசு வரவில்லை.